ஆங்கிலப் பிழையும் நம் ஏளனச் சிரிப்பும்

ஒரு விடுப்புக் கடிதத்தைப் பற்றிச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். அதை எழுதியவள் எங்கள் வகுப்புத் தோழி. அவளுடைய அனுமதி பெற்றே எழுதுகிறோம். பெயரை மட்டும் விட்டுவிடுகிறோம்.

ஜூலை மாதத்தில் ஒரு திங்களும் செவ்வாயும் அவள் பள்ளிக்கு வரவில்லை. புதனன்று வந்தவள் விடுப்புக் கடிதத்தை வகுப்புத் தலைவியிடம் கொடுத்தாள். மிஸ் இன்னும் வகுப்புக்கு வரவில்லை. தலைவி கடிதத்தைப் பிரித்துப் பார்த்தாள், சிரித்தாள், பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தாள். "ஆஃப்டர் டையிங் சடன்லி ஆன் சாட்டர்டே, ஐ வென்ட் டு மை நேட்டிவ் பிளேஸ் டு சீ மை கிராண்ட்மதர் ஃபார் தி லாஸ்ட் டைம்" என்று அதில் எழுதியிருந்தது. ஆங்கில இலக்கணப்படி இதற்கு என்ன பொருள்? 'சனிக்கிழமை நான் திடீரென்று இறந்துபோய், அதன் பிறகு பாட்டியைக் கடைசி முறையாகப் பார்க்க ஊருக்குப் போனேன்' என்பதே பொருள். இறந்தது பாட்டி அல்ல, பேத்தி!

வகுப்பு முழுவதும் சிரித்தது. "செத்த பிறகு எப்படியடி பஸ் ஏறினாய்?" என்று ஒருத்தி கேட்டாள். மறுபடியும் சிரித்தோம். கடிதம் எழுதியவள் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவளைக் குழந்தையிலிருந்து வளர்த்தவர் அந்தப் பாட்டிதான் என்பது எங்களுக்குப் பிறகே தெரிந்தது.

செய்தி எப்படியோ எங்கள் தமிழம்மாவின் காதுக்கு எட்டியது. மறுநாள் தமிழ் வகுப்பில் அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. கரும்பலகையில், 'சனிக்கிழமை திடீரென்று இறந்துவிட்டதால் பாட்டியைக் கடைசியாகப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன்' என்று ஒரு வாக்கியத்தை எழுதினார். "இதில் இறந்தவர் யார்?" என்று கேட்டார். "பாட்டி, அம்மா" என்றோம் ஒரே குரலில். "ஊருக்குப் போனவர் யார்?" "எழுதியவர், அம்மா." "அப்படியானால் நேற்று எதற்காகச் சிரித்தீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்.

அந்தக் கேள்விக்கு நாங்கள் இந்த ஆண்டு முழுவதும் விடை தேடினோம். தேடிக் கண்டதையே இங்கு எழுதுகிறோம். எங்கள் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். ஆங்கிலத்தில் நாம் செய்யும் பிழைகளில் பல, அறிவுக் குறைவால் வருவன அல்ல. தமிழ் வழக்கத்தை ஆங்கிலத்துக்குள் எடுத்துச் செல்வதால் வருவன. ஆகவே தமிழ் இலக்கணத்தை நன்கு கற்றவளே அவற்றை எளிதில் கண்டுபிடித்துத் திருத்த முடியும். பிழையைத் திருத்துவது தோழியின் கடமை. அதைக் கண்டு சிரிப்பது கொடுமை.

முதலில் சொல் நிற்கும் இடத்தைப் பார்ப்போம். 'மேரி பூனையைத் துரத்தினாள்' என்றாலும், 'பூனையை மேரி துரத்தினாள்' என்றாலும் ஓடுவது பூனைதான். 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு பூனையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூனை எங்கே போய் நின்றாலும் உருபும் கூடவே போகிறது. ஆங்கிலத்தில் அப்படியில்லை. 'மேரி சேஸ்டு தி கேட்' என்பதில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிவிட்டால், பூனை மேரியைத் துரத்தத் தொடங்கிவிடும்! நமக்கு உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இடம் செய்கிறது. இந்த ஒன்றை உணர்ந்துவிட்டாலே பாதிப் பிழை நீங்கிவிடும் என்பது எங்கள் அனுபவம்.

நன்னூலில் பொருள்கோள் எட்டு வகை என்று படித்திருக்கிறோம். அவற்றுள் கொண்டுகூட்டுப் பொருள்கோள் என்பது, செய்யுளில் பல அடிகளில் சிதறிக் கிடக்கும் சொற்களை எடுத்து, பொருந்தும் இடத்தில் கூட்டிப் பொருள் கொள்வது. ஆற்றுநீர்ப் பொருள்கோள் என்பது, ஆற்று நீர் ஒரே போக்காக ஓடுவதுபோல் முன்னிருந்து பின்னாகப் பொருள் கொள்வது. ஆங்கில உரைநடைக்கு ஆற்றுநீர் ஒன்றுதான் தெரியும். கொண்டுகூட்டிப் பொருள் கொள்ளும் பொறுமை அதற்கு இல்லை. எந்தச் சொல்லுக்கு அருகில் அடைமொழி நிற்கிறதோ, அந்தச் சொல்லுக்கே அது சொந்தம் என்று தீர்ப்புச் சொல்லிவிடும்.

எங்கள் தோழியின் கடிதத்தில் நிகழ்ந்ததும் இதுவே. தமிழில் 'போயிருந்தேன்' என்றாலே 'நான்' என்பது விளங்கிவிடுகிறது. அதைத் தோன்றா எழுவாய் என்கிறோம். 'இறந்துவிட்டதால்' என்பதற்கு எழுவாய் வேறாக இருக்கலாம். அது யார் என்பதைக் கேட்பவர் உய்த்துணர்ந்துகொள்வார். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாத இத்தகைய தொடரை வாக்கியத்தின் தலையில் வைத்தால், காற்புள்ளிக்கு அடுத்து வரும் எழுவாயே அதற்கும் எழுவாயாகிவிடும். அங்கே 'ஐ' என்ற சொல் நின்றதால் பேத்தி இறந்துபோனாள். 'மை கிராண்ட்மதர் டைடு சடன்லி ஆன் சாட்டர்டே, அண்ட் ஐ வென்ட் டு ஸீ ஹெர் ஃபார் தி லாஸ்ட் டைம்' என்று பாட்டிக்கு ஒரு வினை, பேத்திக்கு ஒரு வினை என்று பிரித்துக் கொடுத்திருந்தால் போதும். வேலை அவ்வளவுதான். அதற்காகவா ஒரு பெண்ணை அழவைத்தோம்!

இப்பிழை நமக்கே உரியதும் அன்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதைச் செய்கிறார்கள். 1930ஆம் ஆண்டு வெளிவந்த 'அனிமல் கிராக்கர்ஸ்' என்ற அமெரிக்கத் திரைப்படத்தில் நகைச்சுவை நடிகர் குரோச்சோ மார்க்ஸ், தாம் பைஜாமாவில் ஒரு யானையைச் சுட்டதாகக் கூறுவார். உடனே, அந்த யானை தம் பைஜாமாவுக்குள் எப்படி நுழைந்தது என்பதுதான் தமக்குத் தெரியவில்லை என்பார். 'பைஜாமாவில்' என்ற சொல் யானைக்குப் பக்கத்தில் நின்றதால் வந்த வேடிக்கை அது. அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918ஆம் ஆண்டு தம் மாணவருக்காக அச்சிட்ட 'தி எலிமெண்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்' என்ற சிறு நூலிலும், தொடர்புடைய சொற்களை ஒன்றுக்கொன்று அருகில் வையுங்கள் என்பது ஒரு விதி. பிழையே நேராத மாணவர்களுக்கு எந்த ஆசிரியராவது விதி எழுதுவாரா?

பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டிய ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 'ஐ ஆல்மோஸ்ட் ஃபெயில்டு இன் ஆல் சப்ஜெக்ட்ஸ்' என்று மகள் கூறினால், தோல்வியின் விளிம்புவரை போய் எல்லாப் பாடத்திலும் தப்பிவிட்டாள் என்று பொருள். 'ஐ ஃபெயில்டு இன் ஆல்மோஸ்ட் ஆல் சப்ஜெக்ட்ஸ்' என்று கூறினால், அநேகமாக எல்லாவற்றிலும் தோற்றுவிட்டாள் என்று பொருள். ஒரே ஒரு சொல் இரண்டடி நகர்ந்ததில் தேர்ச்சி தோல்வியாகிவிட்டது. ஆகவே முன்னேற்ற அறிக்கையில் கையொப்பம் இடுமுன் அச்சொல் எங்கே நிற்கிறது என்று பார்க்குமாறு அப்பாக்களைக் கேட்டுக்கொள்கிறோம்!

'ஒன்லி' என்ற சொல்லும் அப்படித்தான். தமிழில் 'மேரி மட்டும்', 'சிஸ்டருக்கு மட்டும்', 'பூ மட்டும்' என்று எதைக் குறிக்கிறோமோ அதன் பின்னாலேயே 'மட்டும்' வந்து நிற்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது பெரும்பாலும் அதை முன்னால் நிறுத்தவேண்டும். பின்னால் நிற்பது முன்னால் வருகிறது. பக்கத்தில் நிற்கவேண்டும் என்ற முறை இரண்டு மொழிக்கும் பொது.

தமிழில் இத்தொல்லையே இல்லை என்றும் பெருமைப்பட வேண்டாம். 'புதிய மாணவியர் விடுதி' என்று ஒரு பலகை எழுதி மாட்டினால், புதியது விடுதியா, மாணவியரா? 'பெரிய வீட்டுக் கதவு' என்றால் பெரியது வீடா, கதவா? நாம் தினமும் பார்ப்பதால் கவனிப்பதில்லை. தன் மொழியில் இதைக் கவனிக்கப் பழகியவளுக்கே பிற மொழியிலும் கவனிக்கும் கண் வரும்.

இனி இரண்டாவது வகைப் பிழைக்கு வருவோம். இதில் சொற்கள் சரியான இடத்தில் நிற்கும்; ஒவ்வொரு சொல்லும் சரியான ஆங்கிலமாகவும் இருக்கும்; ஆனால் ஆங்கிலேயர் அப்படிச் சொல்லமாட்டார்கள். இதற்கு நம் இலக்கணத்தில் அருமையான பெயர் இருக்கிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு ஏழு வகைப்படும் என்று நன்னூல் கூறுகிறது. ஏழாவதாக நிற்கும் மரபு வழுவே இது. குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும் என்று கற்கிறோம். 'குயில் பிளிறும்' என்று எழுதினால் எழுவாயும் சரி, பயனிலையும் சரி. ஆயினும் மதிப்பெண் கிடைக்காது. ஏன் என்று கேட்டால், முன்னோர் அப்படி வழங்கவில்லை என்பதைத் தவிர வேறு விடை இல்லை. தொல்காப்பியத்தில் மரபுக்கென்றே மரபியல் என ஓர் இயல் இருக்கிறது. ஆங்கிலத்துக்கும் ஒரு மரபு உண்டு என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

நாம் வழக்கமாகச் செய்பவற்றைப் பாருங்கள். 'என்மேல் கோபம்' என்று நினைத்து 'ஆங்ரி ஆன் மீ' என்கிறோம். ஆங்கில மரபு 'ஆங்ரி வித் மீ'. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று நினைத்து 'டிஸ்கஸ்டு அபவுட்' என்கிறோம். 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' அடங்கியிருக்கிறது. 'இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள்' என்பதில் உள்ள நிகழ்காலத்தைப் பார்த்து 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்கிறோம். 'ஐ ஹேவ்' என்றாலே போதும். 'விளக்கைப் போடு' என்பது 'புட் தி லைட்' ஆகிறது. 'தலை சுற்றுகிறது' என்பதை 'மை ஹெட் இஸ் ரொட்டேட்டிங்' என்று ஒருத்தி சொன்னால், கேட்கும் வெள்ளைக்காரர் பயந்து ஓடிவிடுவார். 'அவளுக்கு வயிற்றெரிச்சல்' என்பதை அப்படியே மாற்றிச் சொன்னாலோ, பொறாமை என்று யாரும் நினைக்கமாட்டார். மருந்து வாங்கிக் கொடுப்பார். 'என் அக்கா சென்ற ஆண்டு பாஸ்ட் அவுட்' என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். படைப்பயிற்சி முடித்தவர்களைத் தவிர மற்றவர்களைப் பற்றி அப்படிச் சொன்னால், மயங்கி விழுந்தாள் என்றே ஆங்கிலேயர் எண்ணுவர்.

எல்லாப் பழியையும் தமிழின்மேல் போடவும் கூடாது. 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்' என்று எழுதுகிறோமே, அது தமிழால் வந்ததன்று. 'என் தோழிகளில் ஒருத்தி' என்று தமிழில் பன்மையாகத்தானே சொல்கிறோம்? அது வெறும் கவனக்குறைவு. தமிழை நினைத்துப் பார்த்திருந்தால் அப்பிழை வந்தே இராது!

மரபை மனப்பாடம் செய்து கட்டுரையில் கொட்டிவிட்டால் போதும் என்ற எண்ணமும் நம்மிடம் உண்டு. மழை என்றாலே பூனையும் நாயுமாகப் பொழிய வைப்போம். அத்தொடரில் பூனை முன்னும் நாய் பின்னும் வரவேண்டும். மாற்றினால் மரபு கெடும். அதைவிட 'இட் ரெயின்டு ஹெவிலி' என்று எளிமையாக எழுதுவது எவ்வளவோ மேல். தெரியாத நகையை இரவல் வாங்கி அணிந்து வழியில் தொலைப்பதைக் காட்டிலும், இருக்கும் மணிமாலையோடு போவது நல்லதல்லவா?

ஆனால் இங்கே மற்றொன்றையும் சொல்லவேண்டும். நம் முன்னோர் வழுவைக் கண்டதோடு நிற்கவில்லை. வழுவமைதி என்ற ஒன்றையும் வகுத்தார்கள். இலக்கணப்படி பிழையானாலும், தக்க காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது அது. பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று உவப்பினால் சொன்னால் அது குற்றமாகாது. எத்தகைய அருமையான சட்டம்! ஆங்கிலத்திலும் இதற்கு இடமுண்டு. ஓரகத்தியைக் குறிக்க நாம் 'கோ-சிஸ்டர்' என்கிறோம். ஆங்கிலேயருக்கு அந்த உறவுக்குத் தனிச்சொல்லே இல்லாதபோது நாம் என்ன செய்வது? தேதியை முன்னால் கொண்டுவருவதற்கு இந்தியர் வழங்கும் 'பிரீபோன்' என்ற சொல் இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் ஏறிவிட்டது. 1926ஆம் ஆண்டு வெளிவந்த ஃபௌலர் என்ற ஆங்கிலேயரின் புகழ்பெற்ற வழக்கு அகராதியும், பொருள் மயக்கம் இல்லாதபோது 'ஒன்லி' என்ற சொல் தன் வழக்கமான இடத்தில் நிற்பதைக் குற்றமாகக் கொள்ளவில்லை. ஆக, பொருளைக் கெடுக்கும் பிழை வேறு, பொருளைக் கெடுக்காத பழக்கம் வேறு. முன்னதைத் திருத்துவோம், பின்னதைப் பொறுப்போம்.

ஆங்கிலம் நன்றாக வரவேண்டுமானால் தமிழை மறக்கவேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. வீட்டில்கூடத் தமிழ் பேசாதே என்று கூறும் பெற்றோரும் உண்டு. எங்கள் கருத்து அதற்கு நேர்மாறானது. இத்தாலியில் பிறந்து 18ஆம் நூற்றாண்டில் தமிழகம் வந்த வீரமாமுனிவர், கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் இலத்தீன் மொழியில் எழுதினார். தமக்குத் தெரிந்த மொழியின் துணைகொண்டு தெரியாத மொழியைப் பிறருக்கு விளக்கினார். தேம்பாவணி பாடிய அவருக்குத் தம் பழைய மொழிகள் தடையாக இருக்கவில்லையே! நமக்குத் தமிழ் மட்டும் எப்படித் தடையாகும்?

ஆகவே இந்த ஆண்டு எங்கள் வகுப்பில் சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். ஆங்கிலத்தில் எதை எழுதினாலும் கொடுக்குமுன் பக்கத்தில் இருப்பவளிடம் காட்டவேண்டும். அவள் ஒவ்வொரு வினைக்கும் 'யார்?' என்றும், ஒவ்வொரு அடைமொழிக்கும் 'எதை?' என்றும் கேட்கவேண்டும். மரபில் ஐயம் வந்தால் ஊகிக்காமல் அகராதியைப் பார்க்கவேண்டும். பிழையை எழுதியவளிடம் தனியே சொல்லவேண்டும்; வகுப்புக்குச் சொல்லக்கூடாது. கடைசி விதிதான் கடினமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். வேடிக்கையான பிழையைக் கண்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது எளிதா?

எங்கள் தோழி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். சிரிப்பு அவள் மனத்தில் பசுமரத்தாணிபோல் பதிந்துவிட்டது. காலாண்டுத் தேர்வு வரை ஆங்கில வகுப்பில் அவள் வாய் திறக்கவே இல்லை. விடை தெரிந்தாலும் எழுந்து நிற்கமாட்டாள். தமிழில் எங்களோடு கலகலப்பாகப் பேசியவள் அந்த ஒரு மணி நேரம் மட்டும் ஊமையாகிவிடுவாள். ஒரு கடிதத்தில் ஒரு சொல் இடம் மாறியதற்கு நாங்கள் கொடுத்த தண்டனை அது. தலைவி தனியே போய் மன்னிப்புக் கேட்டாள். "பரவாயில்லை" என்றாளே தவிர, அவள் பழையபடி ஆகவில்லை.

டிசம்பர் மாதத்தில், கிறிஸ்துமஸுக்கு ஏழைப் பெண்களுக்குக் கொடுப்பதற்காகப் பழைய புடவைகள் சேகரித்தோம். அறிவிப்புப் பலகையில் எழுதும் பொறுப்பு எங்கள் வகுப்புக்கு வந்தது. தலைவி தன் முத்து முத்தான கையெழுத்தில், 'வான்டெட்: ஓல்டு ஸாரீஸ் ஃபார் புவர் விமென் இன் குட் கண்டிஷன்' என்று எழுதினாள். நாங்கள் நாலைந்து பேர் சுற்றி நின்று பார்த்தோம். எங்கள் விதியெல்லாம் மறந்துபோயிற்று. ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பின்னால் இருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. "நல்ல நிலையில் இருக்கவேண்டியது புடவையா, அந்தப் பெண்களா?"

திரும்பினோம். அவள்தான். எங்களுக்குச் சுரீரென்றது. அவள் நினைத்திருந்தால் உரக்கப் படித்துச் சிரித்திருக்கலாம். வராந்தாவில் ஆறாம் வகுப்பிலிருந்து எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் தலைவிக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னாள். தலைவி ஒன்றும் பேசாமல் சாக்கட்டியை அவள் கையிலேயே கொடுத்தாள். அவள் அழித்துவிட்டு, 'வான்டெட்: ஓல்டு ஸாரீஸ் இன் குட் கண்டிஷன் ஃபார் புவர் விமென்' என்று எழுதினாள். அன்று பிற்பகல் ஆங்கில வகுப்பில் மிஸ் கேட்ட கேள்விக்கு அவள் எழுந்து நின்று விடை சொன்னாள். விடையில் ஒரு சிறு பிழை இருந்தது. மிஸ் திருத்தினார், அவளும் திருத்திச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வகுப்பு அமைதியாக இருந்தது.

அன்புத் தோழியரே! நாம் ஒவ்வொருவரும் நாளை கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் போகிறவர்கள். அங்கே நம் ஆங்கிலத்தைப் பார்த்து நம்மை எடைபோட யாரேனும் இருக்கத்தான் செய்வார்கள். அதற்காக, சொல்லை அதன் இடத்தில் வைக்கவும், மரபைப் பேணவும் இப்போதே பழகுவோம். அதற்குத் துணையாக நம் தமிழ் இலக்கணத்தையும் ஊன்றிப் படிப்போம். ஆனால் ஒரு தோழி பிழை செய்யும்போது, அவள் என்ன சொல்ல வருகிறாள் என்பதை முதலில் கேட்போம். எப்படிச் சொல்கிறாள் என்பதைப் பிறகு திருத்துவோம். 'என் பாட்டி இறந்துவிட்டார்' என்றுதான் அவள் சொல்ல வந்தாள். அதை அன்று எங்களில் ஒருத்தியும் கேட்கவில்லை.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு